ஆழ்கடிச் சிகிச்சையில் மினி இம்பிளான்ட்: பரிசோதனை முதல் தக்கவைப்பு வரை

மேல் வெட்டுப்பற்கள் கீழ் வெட்டுப்பற்களின் முன்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, அதாவது 2 முதல் 4 மி.மீ. வரை, மறைத்து நிற்பது இயல்பான அமைப்பு. இந்த மறைப்பு பாதியை நெருங்கும்போதோ தாண்டும்போதோ அதை ஆழ்கடி என்கிறோம். தோற்றக் குறை என்று பலரும் இதைத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் தீவிரமான நிலையில் கீழ்ப்பற்களின் நுனி மேலண்ணத்து ஈறில் குத்திப் புண்ணாக்கும், பற்கள் ஒன்றோடொன்று உரசித் தேயும். மேல் வெட்டுப்பற்கள் உட்புறம் சாய்ந்திருப்பவர்களுக்கு, அவை கீழ்ப்பற்களின் வெளிப்புற ஈறை உரசிக் கீழிறக்கிவிடுவதும் உண்டு.

தாடை எலும்பில் தற்காலிகமாகப் பதிக்கும் மினி இம்பிளான்ட் என்ற சிறு திருகைக் கொண்டு ஆழ்கடியைத் திருத்தும் முறையை விளக்கும் இந்த வழிகாட்டி, பல் சீரமைப்பைப் பயிலும் மருத்துவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டவர்களும் தமக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மினி இம்பிளான்ட் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது

முன்பற்களை எலும்புக்குள் உள்ளழுத்த வேண்டுமானால், அந்த விசைக்கு எதிர்விசையை வேறு ஏதேனும் தாங்க வேண்டும். வழக்கமான முறைகளில் கடைவாய்ப்பற்களே அதைத் தாங்குகின்றன. தலைகீழ் வளைவு கொடுக்கப்பட்ட கம்பியாக இருந்தாலும், பல் சீரமைப்பு அறிஞர் பர்ஸ்டோன் வகுத்த உள்ளழுத்தக் கம்பியாக இருந்தாலும், முன்பற்கள் உள்ளே போகும்போது கடைவாய்ப்பற்கள் சற்றே வெளியெழுந்து பின்னோக்கிச் சாயும். வளரும் வயதினர் பலருக்கு அது நன்மையாகவே முடியும். முகம் ஏற்கெனவே நீண்டிருப்பவருக்கோ, கடைவாய்ப்பற்கள் வெளியெழுந்தால் கீழ்த்தாடை கீழும் பின்னுமாகச் சுழன்று முகம் மேலும் நீண்டு, தாடை பின்வாங்கித் தெரியும்.

எலும்பில் பதித்த சிறு திருகு ஒன்று எதிர்விசையை வாங்கிக்கொண்டால் கடைவாய்ப்பற்களைத் தொடவே வேண்டியதில்லை. மினி இம்பிளான்ட் செய்யும் வேலை அவ்வளவுதான். எந்தப் பல் நகர வேண்டும், எவ்வளவு நகர வேண்டும், எந்தத் திசையில் நகர வேண்டும் என்ற கேள்விகளுக்கு அது விடை தராது. அவற்றை முடிவு செய்யாமல் திருகைக் கையில் எடுத்தால், தவறான பல்லை மிகத் திறமையாக நகர்த்தி முடித்திருப்போம்.

இன்று இந்தத் திருகுகள் முன்பற்களைப் பின்னிழுக்கவே அதிகம் பயன்படுகின்றன. ஆனால் இவற்றின் தொடக்க வரலாறு ஆழ்கடியோடு பிணைந்தது. 1945இல் கெய்ன்ஸ்ஃபோர்த், ஹிக்லி இருவரும் நாய்களின் தாடையில் வைட்டாலியம் என்ற உலோகக்கலவைத் திருகுகளைப் பதித்துச் சோதித்தார்கள், அவை நிலைக்கவில்லை. 1983இல் கிரீக்மோர், எக்லண்ட் ஆகியோர் ஆழ்கடி கொண்ட ஒருவருக்கு மூக்கின் அடியில் முள்போல் நீண்டிருக்கும் எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே ஒரு வைட்டாலியம் திருகைப் பதித்து, மேல் வெட்டுப்பற்களை ஓராண்டில் சுமார் 6 மி.மீ. மேலேற்றிக் காட்டினார்கள். 1997இல் ஜப்பானைச் சேர்ந்த கனோமி 1.2 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. நீளமும் கொண்ட திருகை அறிமுகப்படுத்தியபோதும், கீழ் வெட்டுப்பற்களை உள்ளழுத்துவதைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தார்.

முதல் படி: எந்தப் பல் நகர வேண்டும்

ஆழ்கடியைத் திறக்க நான்கு வழிகள் உள்ளன: மேல் வெட்டுப்பற்களை உள்ளழுத்துவது, கீழ் வெட்டுப்பற்களை உள்ளழுத்துவது, கடைவாய்ப்பற்களை வெளியெழுப்புவது, உட்சாய்ந்த வெட்டுப்பற்களை முன்சாய்ப்பது. பெரும்பாலானவர்களுக்கு இவற்றில் இரண்டோ மூன்றோ கலந்தே தேவைப்படும்.

தேர்வை உதட்டிலிருந்து தொடங்க வேண்டும். உதடுகள் தளர்ந்திருக்கும் நிலையில் மேல் வெட்டுப்பல்லின் நுனி 2 முதல் 4 மி.மீ. தெரிந்தால் அது இளம்வயதினருக்கு ஏற்ற அளவு. அதைவிட அதிகமாகத் தெரிந்து, சிரிக்கும்போது ஈறும் வெளிப்பட்டால் மேல் வெட்டுப்பற்களை உள்ளழுத்தலாம். பல் தெரிவதே குறைவாக இருக்கும் ஒருவருக்கு மேற்பற்களை மேலேற்றினால் கடி அளவில் திறந்துவிடும். முகம் பத்தாண்டு மூத்துவிடும். வயது ஏற ஏற மேலுதடு தொய்ந்து மேற்பற்கள் தெரிவது இயல்பாகவே குறையும் என்பதால், நடுவயதைக் கடந்தவர்களிடம் இன்னும் ஒரு மடங்கு எச்சரிக்கை வேண்டும். அத்தகையவர்களுக்குக் கீழ் வெட்டுப்பற்களைத்தான் நாட வேண்டும். கீழ்ப்பல் வரிசை பக்கவாட்டில் பார்க்கும்போது ஆழமாகக் குழிந்திருந்தால் அதுவே அதற்கான அறிகுறியும் ஆகும்.

சிரிப்பில் ஈறு தெரிவதெல்லாம் வெட்டுப்பற்கள் இறங்கியதால் வருவதும் அல்ல. மேலுதடு குட்டையாக இருக்கலாம். உதட்டை உயர்த்தும் தசை மிகையாக இயங்கலாம். ஈறு பல்லின் மேல் அதிகமாகப் படர்ந்திருக்கலாம். மேல்தாடை எலும்பே செங்குத்தாக மிகை வளர்ச்சி கண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னது பெரிய அளவில் இருந்தால் அது தாடை அறுவைச் சிகிச்சைக்கு உரியது. திருகால் அதை ஓரளவு மறைக்கலாமே ஒழிய மாற்ற முடியாது.

அடுத்து முகத்தின் செங்குத்து அமைப்பு. முகம் குட்டையாகவும் கீழ்த்தாடைத் தளம் தட்டையாகவும் உள்ள வளரும் பிள்ளைக்கு, முன்பற்கள் மோதும் கடித்தட்டு ஒன்றைக் கொடுத்துக் கடைவாய்ப்பற்களை வெளியெழ விடுவதே எளிய வழி. மினி இம்பிளான்ட் அங்கே வீண் செலவு. வளர்ச்சி முடிந்தவருக்கு மெல்லும் தசைகளின் அழுத்தம், வெளியெழுப்பிய கடைவாய்ப்பற்களை மீண்டும் அமுக்கிவிடக்கூடும் என்பதால் உள்ளழுத்தத்தின் பக்கம் தராசு சாய்கிறது. நீண்ட முகமும் ஆழ்கடியும் சேர்ந்திருந்தால் மினி இம்பிளான்டின் பயன் மிகத் தெளிவானது.

இரண்டாம் படி: பரிசோதனைகளும் தகுதியும்

பக்கவாட்டு செபலோகிராம் (அளவெடுப்பதற்காகத் தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே), முழுத்தாடை எக்ஸ்ரே, பல் மாதிரிகள், ஓய்விலும் சிரிப்பிலும் எடுத்த புகைப்படங்கள் ஆகியவை அடிப்படைத் தேவை. செபலோகிராமில் மேல் வெட்டுப்பல்லின் உயரத்தை அண்ணத் தளத்திலிருந்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பல் உண்மையில் உள்ளே போனதா, வெறுமனே முன்சாய்ந்து கடி திறந்ததுபோல் தெரிகிறதா என்பதைப் பின்னால் பிரித்தறிய இந்த அளவே துணை. முன்பற்களுக்குத் தனியாகச் சிறு எக்ஸ்ரே எடுப்பதும் அவசியம், ஏனெனில் முழுத்தாடை எக்ஸ்ரேயில் முன்பகுதி உருத்திரிந்தும் மங்கலாகவும் விழும். வேர்களுக்கிடையே இடம் போதுமா என்ற ஐயம் தீராதபோது முப்பரிமாண கதிர்ப்படம் எடுக்கலாம். எல்லோருக்கும் வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை.

வேர்நுனி மழுங்கியோ கூர்த்து வளைந்தோ இருந்தால் வேர் கரையும் அபாயம் கூடுதல். முன்பு அடிபட்ட பல்லும் அப்படியே. ஈறு நோய் இருந்தால் முதலில் அது முழுமையாகக் கட்டுக்குள் வர வேண்டும். அழுக்கு படிந்த பல்லை உள்ளழுத்தினால் அந்த அழுக்கையும் ஈறுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தவர்கள் ஆவோம்.

கட்டுப்படாத நீரிழிவு, புகைப்பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எடுத்துக்கொள்வது, தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருப்பது ஆகியவற்றைத் தவறாமல் கேட்டறிய வேண்டும். ஏறத்தாழ 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எலும்பு மென்மையாக இருப்பதால் திருகு தளர்வது அவர்களிடம் அதிகம்.

மூன்றாம் படி: கம்பியை ஆயத்தப்படுத்துதல்

திருகைப் பதிப்பதற்கு முன் பற்களை ஓரளவு வரிசைப்படுத்திவிடுவது நல்லது. கோணலான பற்களின் வேர்கள் நெருங்கியிருக்கும். சீரான பின் இடைவெளி கிடைக்கும். மேல் வெட்டுப்பற்கள் உட்சாய்ந்திருந்தால் அவற்றை முதலில் முன்சாய்த்துவிட்டு, கடியின் ஆழத்தை மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். சாய்வு திருந்தியதாலேயே கணிசமாகக் கடி திறந்து, உள்ளழுத்தத்தின் தேவை சுருங்கிப்போவது அரிதன்று.

உள்ளழுத்தத்துக்கு நான்கு வெட்டுப்பற்களையும் ஒரே அலகாகப் பிணைக்கும் விறைப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேண்டும், 0.016 × 0.022 அல்லது 0.017 × 0.025 அங்குலக் கம்பி பொருந்தும். மெல்லிய கம்பியில் விசையைக் கொடுத்தால் கொக்கி உள்ள இடத்தில் கம்பி வளைந்து, அருகிலுள்ள பல் மட்டும் மேலேறும். கோரைப்பல்லும் கடைவாய்ப்பற்களும் சேர்ந்த தொடர்கம்பியில் செய்தால் விசை பக்கவாட்டுப் பற்களுக்கும் பரவும். வெட்டுப்பற்கள் மட்டுமே நகர வேண்டியவர்களுக்குத் துண்டுக்கம்பியே என் தேர்வு: முன்னால் நான்கு பற்களுக்கு ஒன்று, பின்னால் இருபுறமும் விசையற்ற தனித்துண்டுகள்.

நான்காம் படி: எங்கே பதிப்பது

விளைவை முடிவு செய்யும் படி இதுதான்; அதனால் இங்கே நிதானம் தேவை.

பற்கள் சாயாமல் நேராக நகர வேண்டுமானால், விசைக்கோடு அவற்றின் எதிர்ப்பு மையத்தின் வழியே, அதாவது விசை கொடுத்தால் பல் சாயாமல் நகரும் புள்ளியின் வழியே, செல்ல வேண்டும். நான்கு மேல் வெட்டுப்பற்களும் ஒரே அலகாகப் பிணைக்கப்பட்டிருக்கும்போது இந்த மையம் பிராக்கெட்டுகளுக்கு (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு பிடிப்புகளுக்கு) பின்னே, வேர்ப்பகுதியில், பக்க வெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடைப்பட்ட பகுதியை ஒட்டி அமைகிறது. இரண்டு நடு வெட்டுப்பற்களுக்கு இடையே ஒரே திருகைப் பதித்து மேலிழுத்தால் விசை அந்த மையத்துக்கு முன்னால் செல்கிறது. பற்கள் மேலேறும்போது முன்சாய்கின்றன. பக்க வெட்டுப்பல்லுக்கும் கோரைக்கும் இடையே இருபுறமும் ஒவ்வொரு திருகைப் பதித்தால் விசை மையத்தை நெருங்குகிறது, சாய்வு குறைகிறது.

இதில் ஒன்று சரி, மற்றது தவறு என்று கொள்ள வேண்டாம். உட்சாய்ந்த வெட்டுப்பற்கள் உள்ளவருக்கு முன்சாய்வு நாம் வேண்டுவதே. அங்கே நடுவில் ஒற்றைத் திருகு போதும், செலவும் குறையும். இயல்பான சாய்விலோ ஏற்கெனவே முன்சாய்ந்தோ உள்ள பற்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருகுகள் வேண்டும். பற்கள் மிகவும் முன்தள்ளியிருந்து, உள்ளழுத்துவதோடு பின்னிழுக்கவும் வேண்டியிருந்தால், முன்பகுதித் திருகோடு, முதல் கடைவாய்ப்பல்லுக்கு அருகே கன்ன எலும்பின் அடிவரம்பிலோ இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் இடையிலோ பின் திருகுகளையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

நடுத் திருகுக்கு உதட்டை ஈறோடு இணைக்கும் தசைநார் குறுக்கே வரும்; திருகின் தலையைச் சதை மூடிக்கொள்வதும் புண்படுவதும் அங்கே அதிகம். கீழ்த்தாடையில் வெட்டுப்பற்களின் வேர்கள் மிக நெருக்கமாக இருப்பதால் பக்க வெட்டுப்பல்லுக்கும் கோரைக்கும் இடைப்பட்ட இடமே பெரும்பாலும் பாதுகாப்பானது.

உயரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருகை உறுதியான ஈறில், அது மெல்லிய சளிச்சவ்வோடு சேரும் எல்லையை ஒட்டிப் பதிப்பதே வழக்கம். அசையும் சவ்வுக்குள் போனால் வீக்கம். மிகவும் தாழ்வாகப் பதித்தால் வேறொரு சிக்கல். வேர் நுனியை நோக்கிக் குறுகிச் செல்வது. பல் மேலேற ஏற அதன் தடித்த பகுதி திருகின் மட்டத்துக்கு வரும். பதித்த அன்று எக்ஸ்ரேயில் போதுமானதாகத் தெரிந்த இடைவெளி, 3 மி.மீ. உள்ளழுத்தத்துக்குப் பின் போதாமல் ஆகலாம். தாழ்வான திருகுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலான தொலைவும் விரைவில் தீர்ந்து, விசை கொடுக்கவே இடமிராது. அத்துடன், திருகும் முற்றிலும் அசையாத பொருள் அன்று: எலும்போடு முழுமையாக ஒட்டாமல் இறுக்கத்தால் நிற்பதால், தொடர்விசையில் சிறிது இடம்பெயர்வதுண்டு. திருகைச் சுற்றி வேரிலிருந்து 2 மி.மீ. வரை இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்; முன்பகுதியில் அவ்வளவு கிடைப்பது அரிது என்றாலும் இலக்கு அதுவே.

ஐந்தாம் படி: பதிக்கும் முறை

முன்பகுதிக்கு 1.3 முதல் 1.5 மி.மீ. விட்டமும் 6 முதல் 8 மி.மீ. நீளமும் கொண்ட டைட்டானியம் உலோகக்கலவைத் திருகு பொதுவாகப் பொருந்தும். இதைவிட மெல்லியவை முறியலாம். தடித்தவை வேரைத் தொடலாம். உறுதியைத் தருவது நீளத்தைவிட எலும்பின் வெளிப்புறக் கடினப்படலம்தான்; அது 1 மி.மீ. அளவேனும் இருக்க வேண்டும்.

சிகிச்சை பெறுபவர் குளோர்ஹெக்சிடின் கரைசலால் வாயைக் கொப்பளித்த பின், ஈறில் மிகக் குறைந்த அளவு மரப்பு மருந்து செலுத்தப்படுகிறது. குறைந்த அளவு என்பதற்குக் காரணம் உண்டு: ஈறு மரத்தாலும் வேரைச் சூழ்ந்த நார்களின் உணர்வு மிஞ்சியிருக்க வேண்டும், திருகு வேரை நெருங்கினால் அவர் உடனே கூச்சத்தை உணர்ந்து சொல்வார். அந்த எச்சரிக்கை மணியை ஊசியால் நாமே அணைத்துவிடக் கூடாது.

இடத்தைப் பல்லிடைக் கருவியால் ஈறில் அழுத்திக் குறித்துக்கொண்டு, வேண்டுமானால் கம்பியாலான வழிகாட்டி ஒன்றை வைத்து எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்க்கலாம். தானே துளைத்துச் செல்லும் திருகை முதலில் எலும்புக்குச் செங்குத்தாக வைத்து, நுனி கவ்வியதும் சற்று வேர்நுனிப் பக்கம் சாய்த்து, நிமிடத்துக்கு முப்பது சுற்றுக்கு மேற்படாத நிதான வேகத்தில் முறுக்க வேண்டும். கடினமான கீழ்த்தாடை எலும்பில், உப்புநீர் பாய்ச்சியபடி சிறு முன்துளை இட்டுக்கொள்வது திருகு முறிவதையும் எலும்பு சூடேறுவதையும் தவிர்க்கும். முறுக்குவிசை 5 முதல் 10 நியூட்டன் சென்டிமீட்டருக்குள் இருப்பது விரும்பத்தக்கது. திடீரென்று கை கனத்தாலோ, அவர் கூர்மையான வலியைச் சொன்னாலோ, நிறுத்தித் திருகைப் பின்வாங்கித் திசையை மாற்ற வேண்டும். வலிந்து முறுக்குவது கூடவே கூடாது. வேரை மேலோட்டமாகத் தொட்டிருந்தால், திருகை எடுத்துவிட்ட பின் அது பெரும்பாலும் தானாக ஆறிவிடும்.

பதித்த பின் திருகு சிறிதும் ஆடாமல் நிற்க வேண்டும். அன்றைக்கே ஆடும் திருகு பின்னால் உறுதிப்படும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஆறாம் படி: விசை

உள்ளழுத்தத்தில் விசை எவ்வளவு மென்மையோ அவ்வளவு நல்லது, ஏனெனில் அது முழுவதும் வேர்நுனியின் சிறு பரப்பில் குவிகிறது. பல் ஒன்றுக்கு 10 முதல் 20 கிராம் என்பதே கணக்கு. நான்கு மேல் வெட்டுப்பற்களுக்கு 60 கிராம் என்று வைத்தால், இரு திருகுகளுக்கும் பக்கத்துக்கு 30 கிராம் வரும். கீழ் வெட்டுப்பற்களின் வேர் சிறியது என்பதால் அங்கே வரம்பின் தாழ்ந்த பக்கத்தில் நிற்பது நல்லது. எழுதும்போது அற்பமாகத் தெரியும் இந்த அளவை, விசைமானி இல்லாமல் கைக்கணக்கில் கொடுத்தால் எவரும் இரண்டு மூன்று மடங்கு தாண்டிவிடுவார்கள்.

உறுதி நன்றாக இருந்தால் அன்றே விசை கொடுக்கலாம். ஈறு ஆற ஓரிரு வாரம் விடுவதிலும் தவறில்லை. நிக்கல் டைட்டானியம் சுருள்வில் ஏறத்தாழ ஒரே அளவான விசையைத் தரும். ரப்பர் சங்கிலி மலிவானது, ஆனால் முதல் நாளிலேயே தன் விசையில் பாதியளவை இழந்துவிடும். அதை ஈடுகட்டத் தொடக்கத்தில் அதிகமாக இழுத்துக் கட்டுவதைவிட வில்லுக்கு மாறிவிடுவது மேல்.

முன்சாய்வு வேண்டாத இடங்களில் கம்பியின் முனையைக் கடைவாய்ப்பல்லில் பொருத்திய கடைசிக் குழாய்க்குப் பின் மடக்கிக் கட்ட வேண்டும். துண்டுக்கம்பியாக இருந்தால், அதன் முனையிலிருந்து பின்னோக்கி மெல்லிய விசை ஒன்றைச் சேர்த்து விசைக்கோட்டைத் திருத்தலாம்.

ஏழாம் படி: கண்காணிப்பு

நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பற்கள் மாதத்துக்கு அரை மி.மீ. அளவுக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ நகரும். 2, 3 மி.மீ. உள்ளழுத்தம் கிடைக்க அரையாண்டோ அதற்கு மேலோ ஆகும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது பின்னால் எழும் மனக்குறையைத் தவிர்க்கும். விரைவுபடுத்த விசையைக் கூட்டினால் பல் வேகமாக நகராது, வேர்தான் கரையும்.

ஒவ்வொரு வருகையிலும் எதிரே நின்று கண்மணிகளின் கோட்டோடு முன்பற்களின் கோட்டை ஒப்பிட வேண்டும். இரு பக்க விசையும் சமமாக இல்லாவிட்டால் பல்வரிசை ஒருபுறம் உயர்ந்து சிரிப்பு சாய்ந்துவிடும். தொடக்கத்தில் கண்டுகொண்டால் உயர்ந்த பக்கத்தின் விசையை நிறுத்திவைப்பதே போதும்.

விசை தொடங்கி ஆறு மாதமளவில் முன்பற்களின் எக்ஸ்ரேயை மீண்டும் எடுத்து வேர்நுனியைப் பார்க்க வேண்டும். சிறிதளவு மழுங்குவது உள்ளழுத்தத்தில் எதிர்பார்க்கத்தக்கதே. கரைவு கூடுதலாகத் தெரிந்தால் விசையை இரண்டு மூன்று மாதம் முற்றிலும் நிறுத்தி, எஞ்சிய திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது: மென்மையான சிறு பிரஷால் திருகைச் சுற்றித் தினமும் துலக்குவது, முதல் வாரம் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பது, விரலாலோ நாக்காலோ நெருடாமல் இருப்பது. குளோர்ஹெக்சிடினை மாதக்கணக்கில் தொடர வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை படியும்.

திருகு தளர்ந்தால்

நூறு திருகுகளில் பத்துப் பதினைந்து தளர்ந்து போவது உலகெங்கும் உள்ள அனுபவம். இதை ஒப்புதல் படிவத்தில் எழுதுவதோடு வாயாலும் சொல்லிவிட வேண்டும். வலியில்லாமல் இம்மியளவு அசையும் திருகு இத்தகைய மென்மையான விசையைத் தாங்கித் தன் வேலையை முடித்துவிடுவதுண்டு. விரலால் தொட்டால் ஆடுவதையோ, சுற்றிலும் சீழ் வைப்பதையோ வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதை எடுத்துவிட்டு வேறொரு இடத்தில் பதிக்க வேண்டும். அதே இடம்தான் வேண்டுமென்றால் எலும்பு ஆறுவதற்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஈறு வீங்கித் தலையை மூடிக்கொண்டால் முதலில் துப்புரவைச் சரிசெய்து, தேவையானால் மரப்பு கொடுத்துச் சதையை விலக்கி, திருகின் தலையிலிருந்து ஒரு கம்பிக் கொக்கியை வெளியே நீட்டிவிடலாம்.

எட்டாம் படி: அகற்றுதலும் தக்கவைத்தலும்

இலக்கை எட்டிய அன்றே திருகை எடுத்துவிட வேண்டாம். வில்லைக் கழற்றிவிட்டு, திருகையும் முன்கம்பியையும் விசையில்லாத கட்டுக்கம்பியால் பிணைத்து, இறுதிச் சீரமைப்பு முடியும் வரை பற்களை அங்கேயே நிறுத்திவைப்பது நல்லது. ஆழ்கடி திரும்பிவரும் இயல்புடையது என்பதால், இலக்கை விட ஒரு மி.மீ. அளவு கூடுதலாகத் திறந்து வைப்பதும் வழக்கம். திருகை அகற்றுவது பதிப்பதைவிட எளிது: எதிர்த்திசையில் முறுக்கினால் வந்துவிடும், மரப்பு மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, ஈறு சில நாட்களில் மூடிக்கொள்ளும்.

முடிவில் மேல், கீழ் வெட்டுப்பற்கள் தமக்குள் அமைக்கும் கோணத்தைச் செபலோகிராமில் பார்க்க வேண்டும். அது ஏறத்தாழ 125 முதல் 135 பாகைக்குள் இருந்தால், கீழ்ப்பல் நுனிக்கு மேற்பல்லின் உட்புற மேட்டில் ஒரு தடுப்பு கிடைக்கும். கோணம் மிக அகன்றிருந்தால் தடுப்பே இல்லாமல் இரு வரிசையும் ஒன்றையொன்று தாண்டி மீண்டும் வளரும், உள்ளழுத்தம் எவ்வளவு துல்லியமாக நடந்திருந்தாலும் சரி. கோணம் சரியாக இருப்பவருக்குக் கீழ் முன்பற்களின் உட்புறம் ஒட்டுக்கம்பியும், மேலே முன்பகுதியில் சிறு கடித்தட்டு வைத்த ஹாலி தக்கவைப்பானும் கொடுக்கலாம். கழற்றி மாட்டும் அந்தத் தக்கவைப்பானை அணிந்து கடிக்கும்போது கீழ் வெட்டுப்பற்கள் தட்டைத் தொட வேண்டும், கடைவாய்ப்பற்கள் ஒன்றையொன்று விட்டு விலகக் கூடாது. விலகினால் அவை மாதங்கள் செல்லச் செல்ல வெளியெழுந்து, திருகு வைத்துத் தவிர்த்த அதே பக்கவிளைவைத் தக்கவைப்பானே கொண்டுவந்துவிடும்.